நிறுத்திய பிறகு வரும் ஆபத்து

நேயர்களுக்கு வணக்கம். போதைப் பழக்கம் பற்றிப் பேசக் கூப்பிட்டால், "தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவது எங்களைப் போன்றவர்களின் வழக்கம். தொடாதவர்களுக்கு அது சரி. ஏற்கெனவே சிக்கிக்கொண்ட ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு திண்டாடும் அம்மாவுக்கு, மனைவிக்கு அதனால் என்ன பயன்? இன்று அவர்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட வீடுகள் கொஞ்சநஞ்சமல்ல. 2022-ல் உலகில் சுமார் 29 கோடியே 20 லட்சம் பேர் ஏதாவதொரு போதைப்பொருளைப் பயன்படுத்தினார்கள் என்கிறது ஐ.நா. கணக்கு. மதுவும் புகையிலையும் இதில் சேராது. எல்லோரும் அடிமையாகிவிடுவதில்லை. ஆனால் 6 கோடியே 40 லட்சம் பேர் நோயாளிகளாகவே ஆகிவிட்டார்கள். அவர்களில் 11 பேரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைத்தது.

முதலில் சந்தோஷத்துக்காக எடுப்பார்கள். மூளை அதற்குப் பழகிவிடும். அதே அளவு போதாமல் போகும். அப்புறம் சந்தோஷமெல்லாம் இல்லை, நடுக்கமும் வலியும் வராமல் இருந்தால் போதும் என்பதற்காகவே எடுக்க வேண்டியதாகிறது. இந்த நிலையில் இருப்பவரிடம் சத்தியம் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வீட்டார் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களைச் சில வாரம் நிறுத்தினாலே, உடம்பு அதைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் இப்படி இறப்பவர்கள் அதிகம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கும் இதே ஆபத்து உண்டு. எழுப்பினால் எழாமல், வழக்கத்துக்கு மாறான குறட்டையோடு, உதடு நீலம் பாய்ந்து கிடந்தால், "தூங்கட்டும்" என்று விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நலாக்ஸோன் என்ற மருந்தைச் சரியான நேரத்தில் கொடுத்தால் மூச்சு திரும்பும்.

மது வேறு மாதிரி. நாள்தோறும் நிறையக் குடித்தவரை அறையில் போட்டுப் பூட்டினால், இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். தூக்க மாத்திரைக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்துவதும் இப்படித்தான் முடியலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அபின் வகைப் பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரினார்ஃபின் என்று மருந்துகள் இருக்கின்றன. இவையும் அபின் வகையைச் சேர்ந்தவைதான்; மருத்துவர் அளந்து கொடுத்தால் நடுக்கமும் வலியும் ஆசையும் அடங்கும். 2005 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று வீட்டார் முகம் சுளிப்பார்கள். சாவைத் தடுக்கும் மருந்தை வேறு எந்த நோய்க்காவது இப்படி மறுப்போமா, சொல்லுங்கள்.

திரும்ப எடுத்துவிட்டார் என்று தெரிந்தால் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். என்ன எடுத்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேளுங்கள். மருத்துவர் கேட்கப்போவதும் அதைத்தான்.