ஹிப் எக்ஸ்ரேல கறுப்புக் கோடு தேடாதீங்க!

வணக்கம் மக்களே! ஹவுஸ் சர்ஜன் பசங்க கமெண்ட்ல கேட்டுட்டே இருந்தீங்க, "அக்கா, ஆர்த்தோ போஸ்டிங் முடியப்போகுது, ஹிப் எக்ஸ்ரே இன்னும் பிடிபடவே இல்ல"ன்னு. சரி, இன்னிக்கு அதான், இடுப்பு மூட்டு எக்ஸ்ரேல முறிவு கண்டுபிடிக்கறது.

திரையில ஒரு படம் போட்டிருக்கேன். பேரு, ஆஸ்பத்திரி நம்பர் எல்லாம் மறைச்சாச்சு. எழுபது தாண்டின பாட்டி, பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்காங்க. வீடியோவ நிறுத்திட்டு நல்லா பாருங்க, எந்தப் பக்கம் உடைஞ்சிருக்கு?

பாத்தாச்சா? பாதிப் பேர் "நார்மல்"னு சொல்லியிருப்பீங்க. ஏன்னா நீங்க தேடினது கறுப்புக் கோடு. எலும்பு உடைஞ்சா பிரியும், பிரிஞ்ச இடம் கறுப்பா தெரியும்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா இந்தப் பாட்டிக்கு எலும்பு பிரியவே இல்ல. ஒண்ணுக்குள்ள ஒண்ணு குத்திச் செருகி நிக்குது. இம்பாக்டட். எலும்பு மேல எலும்பு ஏறினா அந்த இடம் அடர்த்தியாகும், அப்ப கோடு வெள்ளையாத்தான் இருக்கும். இதோ, கர்சர் வைக்கிறேன் பாருங்க. தொடை எலும்பு உச்சியில உருண்டையா இருக்கிற தலை முடிஞ்சு, அதுக்குக் கீழ கழுத்து ஆரம்பிக்கிற இடத்துல மங்கலா ஒரு வெள்ளைப் பட்டை. கார்டன் டைப் 1. இங்கிலாந்துல கார்டன்ங்கற டாக்டர் தொடை எலும்புக் கழுத்து முறிவ 1961ல பிரிச்ச நாலு வகையில முதல் வகை. இந்த மாதிரி ஆளுங்க சில சமயம் நடந்தே கேஷுவாலிட்டிக்கு வருவாங்க, அதான் வம்பே. கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும்னு படிச்சிருப்பீங்க, அது விலகின முறிவுக்குத்தான். சில பேர் முட்டி வலிக்குதுன்னு மட்டும் சொல்லுவாங்க, நாமளும் முட்டிக்கு எக்ஸ்ரே எழுதி அனுப்பிடுவோம்.

இப்ப ஒரு விஷயம். கழுத்தப் பாக்கறதுக்கு முன்னாடி, இந்தப் படத்துல கழுத்து ஒழுங்கா விழுந்திருக்கான்னு பாருங்க. ஃபீமர், அதாவது தொடை எலும்போட கழுத்து இயல்பாவே கொஞ்சம் முன்பக்கமா திரும்பி இருக்கும். அதனால படம் எடுக்கும்போது ரெண்டு காலையும் 15லேருந்து 20 டிகிரி உள்பக்கம் திருப்பணும். திருப்பலைன்னா கழுத்து குட்டையா தெரியும், வெளிப்பக்கம் இருக்கிற பெரிய முண்டு, கிரேட்டர் ட்ரோகான்டர், அது மேலயே வந்து உக்காந்துக்கும். எப்படிக் கண்டுபிடிக்கறது? உள்பக்கம் கீழ இருக்கிற சின்ன முண்டு, லெஸ்ஸர் ட்ரோகான்டரப் பாருங்க. அது பெருசா துருத்திக்கிட்டு தெரிஞ்சா கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்குன்னு அர்த்தம். வலியில இருக்கிறவங்க கால டெக்னீஷியன் முறுக்க முடியாது, அது நியாயம். ஆனா ஒரு பக்கம் மட்டும் லெஸ்ஸர் ட்ரோகான்டர் பெருசா இருந்தா, அந்தப் பக்கத்த ரெண்டு தடவ பாருங்க.

ஷென்டன் லைன் எல்லாருக்கும் தெரியும், வாய்மொழித் தேர்வுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்க. இடுப்புக்கூட்டோட முன்பக்க ப்யூபிக் எலும்புல மேல் கிளையோட கீழ் விளிம்புலேருந்து ஃபீமர் கழுத்தோட உள் விளிம்பு வரைக்கும் ஒரே வளைவு. அந்த வளைவு உடைஞ்சிருந்தா முறிவுன்னு சந்தேகப்படலாம், சரி. ஆனா உடையலைன்னா முறிவு இல்லைன்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க. இந்தப் பாட்டி படத்துலயே பாருங்க, ஷென்டன் லைன் கிட்டத்தட்ட ஒழுங்காத்தான் இருக்கு.

அதவிட எனக்கு நம்பிக்கை ட்ராபெகுலே மேலதான். கழுத்துக்குள்ள ஓடற மெல்லிய வரிகள். பெரிசு பண்ணிப் பாத்தா தலையிலேருந்து கழுத்தோட உள்பக்கத்துக்கு ஒரு கத்தை இறங்கும். எலும்பு எவ்வளவு அடர்த்தி குறைஞ்சிருக்குன்னு இந்த வரிகள வெச்சுத்தான் சிங் இன்டெக்ஸ் போடுறோம், மன்மோகன் சிங்னு நம்ம நாட்டு டாக்டர் 1970ல எழுதினது. (முன்னாள் பிரதமர் இல்லப்பா, அவர் வேற.) அந்த வரிகள் எங்கயாவது சட்டுனு வளைஞ்சாலோ அறுந்தாலோ அங்க நில்லுங்க. எதிர்ப்பக்க இடுப்போட ஒப்பிட்டுப் பாருங்க.

ஏமாத்தற கோடுகளும் உண்டு. மூட்டுத் தேய்மானம் உள்ளவங்களுக்குத் தலையச் சுத்தி ஆஸ்டியோஃபைட், அதாவது ஓரத்துல வளர்ற எலும்புத் துருத்தல், வளையமா இருக்கும், அது அப்படியே வெள்ளைப் பட்டை மாதிரியே தெரியும். தோல் மடிப்பா இருந்தா கோடு எலும்போட நிக்காம வெளியிலயும் ஓடும்.

கழுத்து நல்லா இருந்தாலும் படத்த மூடிடாதீங்க. ப்யூபிக் ரேமை, அதாவது ப்யூபிக் எலும்போட கிளைங்க, நாலையும் பாருங்க. கிரேட்டர் ட்ரோகான்டர் மட்டும் உடைஞ்ச மாதிரி தெரிஞ்சா நிம்மதியாகாதீங்க, எம்ஆர்ஐ எடுத்தா பல சமயம் கோடு உள்ள இன்டர்ட்ரோகான்டெரிக், அதாவது ரெண்டு முண்டுக்கும் நடுவுல இருக்கிற பகுதி, வரைக்கும் போயிருக்கும். பெரியவங்களுக்கு லெஸ்ஸர் ட்ரோகான்டர் மட்டும் தனியா பிஞ்சு வந்திருந்தா, எலும்புல புத்துநோய் பரவியிருக்கான்னு தேடணும்.

"இதெல்லாம் ஏஐ பாத்துக்காதா அக்கா?" அதுவும் கேட்டிருந்தீங்க. தைவான்ல மருத்துவ மாணவர்களுக்கு ஏஐ குறிச்சுக் காட்டின படங்கள வெச்சுச் சொல்லிக்கொடுத்து, அவங்க கண்டுபிடிக்கற திறன் கூடினதா 2020ல எழுதியிருக்காங்க. சொல்லிக்கொடுக்க நல்ல கருவிதான், மறுக்கல. ஆனா நியூயார்க் மவுன்ட் சைனாய் ஆஸ்பத்திரியில 2019ல இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க. அவங்க ஏஐ மாடல் எலும்ப மட்டும் பாக்கல, எந்த மெஷின்ல எடுத்த படம்ங்கறதுகூட அதுக்கு துப்பு. உடைஞ்சவங்க, உடையாதவங்க ரெண்டு கூட்டத்துலயும் அந்தத் துப்பையெல்லாம் சமப்படுத்தினதும், அது சொல்றது பூவா தலையா போட்ட கதையாயிடுச்சு.

சரி, எல்லாம் பாத்தாச்சு, படம் சுத்தமா நார்மல், ஆனா பாட்டியால கால நேரா தூக்க முடியல, குதிகால்ல லேசா தட்டினா இடுப்புல வலிக்குது. என்ன பண்ணுவீங்க? "வலி மாத்திரை சாப்பிட்டுட்டு நடங்க"ன்னு அனுப்பிடாதீங்க! சில முறிவுகள் முதல் எக்ஸ்ரேல தெரியவே தெரியாது. படுக்கற நிலையிலயே பக்கவாட்டு வியூ கேளுங்க, தவளை மாதிரி கால மடக்கி விரிச்சு எடுக்கற ஃப்ராக் லெக் வேண்டாம். அதுலயும் இல்லைன்னா எம்ஆர்ஐ. 24 மணி நேரத்துக்குள்ள எம்ஆர்ஐ கிடைக்காதுன்னா சிடின்னு இங்கிலாந்துல சிகிச்சை வழிகாட்டி போடற நைஸ் அமைப்பு சொல்லுது. நம்ம ஊர்ல எம்ஆர்ஐ ஸ்லாட் எப்படி கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும், சிடிக்காவது எழுதிடுங்க.

ஏன் இவ்வளவு அவசரம்? செருகி நிக்கற எலும்பு நடந்தா நழுவிடலாம். நழுவினா தொடை எலும்புத் தலைக்குப் போற ரத்தக்குழாய்கள் கிழியலாம். ஸ்க்ரூ போட்டு முடிஞ்சிருக்க வேண்டியது, அந்தத் தலையவே மாத்தற ஆபரேஷனாயிடும்.

கடைசியா ரேடியாலஜிக்காரியா ஒரு வேண்டுகோள். ரெக்வெஸ்ட் ஃபார்ம்ல "ஹிப் பெயின்"னு ரெண்டு வார்த்தை எழுதி அனுப்பாதீங்கப்பா, பிளீஸ். எப்ப விழுந்தாங்க, எந்தப் பக்கம், நடக்கறாங்களா, கால தூக்க முடியுதா, அத எழுதுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க சீனியர எழுப்பும்போதும் அதையே அப்படியே சொல்லுங்க, திட்டு கொஞ்சம் கம்மியா விழும். அடுத்த வீடியோ குழந்தைங்க இடுப்பு. பாட்டி படத்துல எந்தப் பக்கம்னு கமெண்ட்ல போடுங்க, பாக்கலாம்.