இரவல் குரலும் சொந்த முகமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நடன வகுப்பில் தொடங்கித் திரையுலகில் புகழ் பெற்றவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, கண்ணால் காண வேண்டிய ஒரு கலையைக் காதால் மட்டும் கேட்பவர்களுக்கு எப்படிச் சொல்வது என்ற தயக்கம் எனக்கு இருந்தது. யோசித்துப் பார்த்தால், இந்தப் பொருளுக்கு வானொலியைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே தோன்றுகிறது. பழைய நடனப் பாடல் ஒன்றை நீங்கள் வானொலியில் கேட்கும்போது அறிவிப்பாளர் சொல்வது பாடியவரின் பெயரை. உங்கள் மனக்கண்ணில் வந்து நிற்பதோ ஆடியவரின் முகம். பாட்டு ஒருவருடையதாகவும் முகம் இன்னொருவருடையதாகவும் பிரிந்த அந்தப் பிரிவுதான், நாட்டியம் கற்ற பெண்களுக்குத் திரைப்படத்தின் வாசலைத் திறந்துவிட்டது என்பது என் கருத்து. பாளையங்கோட்டையில் நெடுங்காலமாகப் பிள்ளைகளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்து வருகிறவள் என்ற முறையில், அதை என் வகுப்பறையில் நின்றபடியே விளக்கப் பார்க்கிறேன்.

தமிழில் பேசும்படம் 1931-இல் ‘காளிதாஸ்’ என்ற படத்துடன் வந்தது. அதில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர், பாடவும் தெரிந்தவர். அவருக்குப் பின் வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் திரையில் தோன்றுகிறவருக்கு முதல் தகுதி குரல்தான். தியாகராஜ பாகவதரும், கே.பி. சுந்தராம்பாளும், எம்.எஸ். சுப்புலட்சுமியும் பாடகர்களாக இருந்ததால்தான் நட்சத்திரங்களானார்கள். நன்றாக ஆடத் தெரிந்து, பாடத் தெரியாத ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்துப் படத்தில், அரசவைக் காட்சியில் சில நிமிடம் ஆடிவிட்டுப் போவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. 1938-இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் நடிகை ஒருவருக்காக வேறொருவர் பாடினார். இரவல் குரல் என்று சொல்லப்பட்ட அந்த ஏற்பாடு உடனே எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. அது வழக்கமாக ஊன்ற ஏறத்தாழ ஒரு பத்தாண்டு தேவைப்பட்டது.

அதே பத்தாண்டில்தான் நாட்டியத்தின் நிலையும் மாறிக்கொண்டிருந்தது. சதிர் என்ற பெயரில் கோயிலைச் சார்ந்த குடும்பத்துப் பெண்கள் ஆடி வந்த கலையை, ஈ. கிருஷ்ண ஐயர் போன்றவர்கள் சென்னை சபைகளின் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1935-இல் ருக்மிணி தேவி மேடையேறினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. அதன் பிறகு உத்தியோகக் குடும்பங்கள் தங்கள் பெண்பிள்ளைகளை ஆட்ட வகுப்புக்கு அனுப்பத் துணிந்தன. இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்து போவது நியாயமாகாது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைத் தாங்கி வந்த பெண்கள் இந்த மாற்றத்தில் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது நல்லதே என்றாலும், அவர்களுடைய ஆட்டத்துக்கு மாற்று மேடை எதுவும் அந்தச் சட்டத்தோடு வரவில்லை. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த, ஆட்டம் சொல்லிக்கொடுத்துத் தாளமிட்டு நடத்தும் நட்டுவனார்கள் மட்டும் புதிய வீடுகளுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள். பின்னாளில் நாம் திரையில் வியந்த அடவுகள் என்னும் ஆட்ட அசைவுகள் பலவும் அவர்களுடைய தட்டுக்கழியிலிருந்து வந்தவை.

அவர்களில் ஒருவர் மாயவரத்துப் பக்கத்து வழுவூரைச் சேர்ந்த இராமையா பிள்ளை. மாயவரத்தில் பிறந்த கமலா, பம்பாயில் சிறுமியாக இருந்தபோது வடநாட்டுக் கதக் ஆட்டத்தைக் கற்றவர். பிறகு குடும்பம் சென்னைக்கு வந்ததும் காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளையிடமும், தொடர்ந்து வழுவூராரிடமும் பயின்றார். 1947 பொங்கலை ஒட்டி வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்களுக்குக் கமலா ஆடியபோது அவருக்கு வயது பன்னிரண்டு. அவற்றில் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ என்பது, விடுதலை கிடைப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, கிடைத்துவிட்டதாகப் பாடி ஆடிய பாட்டு. அதை நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் சற்று உரிமையோடு நினைத்துக்கொள்ளலாம்: சொல் எட்டயபுரத்துப் பாரதியுடையது, குரல் டி.கே. பட்டம்மாளுடையது, உடல் கமலாவுடையது. பட்டம்மாள் திரையில் தோன்றவில்லை, கமலா பாடவில்லை. இந்த மூவரையும் ஒரே ஆளாக மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் அந்தப் படம் செய்த பெரிய காரியம். அதற்குப் பிறகு ஊர்தோறும் நாட்டிய வகுப்புகளில் பெண்பிள்ளைகள் சேர்ந்ததற்குக் குமாரி கமலாவின் பெயரும் ஒரு காரணம் என்பதை என் தலைமுறை ஆசிரியைகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வழுவூராரிடமே பயின்ற இன்னொருவர் வைஜெயந்திமாலா. தாய் வசுந்தரா தேவி நடிகை. ஆனால் பிள்ளையை வளர்த்தவர் பாட்டி. குழந்தையாக இருந்தபோதே, 1940-இல், வத்திக்கானில் போப்பாண்டவர் முன்னிலையில் ஆடியவர் அவர். ஏ.வி.எம். தயாரித்த ‘வாழ்க்கை’ படத்தில் 1949-இல் நாயகியாக அறிமுகமானார். அந்தக் கதையே தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டபோது அவற்றிலும் அவரே நாயகி. தென்னாட்டிலிருந்து போய் இந்தித் திரையில் முதல் வரிசையில் அமர்ந்த அவருடைய வெற்றிக்கு அழகைக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. நான் வேறு கணக்குப் போடுகிறேன். ஆட்டத்துக்கு மொழி தேவையில்லை. பாட்டுக்குரிய குரலோ எந்த மொழியிலும் இரவலாகக் கிடைத்துவிடும். எஞ்சிய வசனத்துக்கு மட்டும் மொழி கற்றால் போதும். பாடி நடித்த தலைமுறைக்கு இந்த வசதி இருந்ததில்லை. திருவிதாங்கூர்ச் சகோதரிகள் என்று பெயர் பெற்ற, திருவனந்தபுரத்திலிருந்து வந்த பத்மினியும் அவர் சகோதரிகளும் தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி என்று தாண்டித் தாண்டிப் போனதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, நாட்டிய வகுப்பு உண்மையில் எதைக் கொடுத்தது என்பதற்கு வருகிறேன். முழங்காலை மடக்கிப் பாதி அமரும் அரைமண்டியில் இருந்து, பாதத்தைத் தட்டும் தட்டடவை மூன்று வேகத்திலும் செய்யும் பிள்ளைக்குக் காலில் உரமும் தாளத்தில் நிதானமும் வரும். அது படப்பிடிப்பில் ஒரே அசைவைப் பலமுறை அலுக்காமல் செய்ய உதவும். அது சிறிய லாபம்தான். பெரிய லாபம், முகபாவத்தால் பொருள் சொல்லும் பதம் என்ற உருப்படியில் இருக்கிறது. பதம் ஆடும்போது பாடகி ஓரமாக அமர்ந்து பாடுவார். ஆடுகிறவள் அந்தப் பாட்டைத் தன் நெஞ்சிலிருந்து எழுவதுபோல முகத்தில் காட்ட வேண்டும். ஒரே வரியைப் பாடகி பலமுறை திருப்பிப் பாடுவார். ஒவ்வொரு முறையும் ஆடுகிறவள் வேறொரு பொருளைச் சொல்ல வேண்டும். ஒருமுறை கோபம், ஒருமுறை குத்தல், ஒருமுறை ஏக்கம். பாலசரஸ்வதியைப் போலத் தாமே பாடியபடி அபிநயம் பிடித்த மேதைகள் இருந்தார்கள் என்றாலும், பெரும்பாலோர் அடுத்தவர் குரலுக்கு முகம் கொடுத்தே பழகியவர்கள். பின்னணிப் பாடல் வந்தபோது மற்ற நடிகர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்த வித்தை, இவர்களுக்குப் பத்து வயதிலேயே கைவந்திருந்தது.

1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில், காயம்பட்டுத் திரும்பிய நாகசுரக் கலைஞரைப் பார்த்து, பத்மினி நடித்த நாட்டியக்காரி நலம் விசாரிக்கும் காட்சியை அனேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சபை நிறைய மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு ஆட்டம். எதிரே நாகசுரத்தோடு இருப்பவருக்கு மட்டும் அது கேள்வி. பாடுவது பி. சுசீலா, சிவாஜி கணேசன் வாசிப்பதாகக் காட்டப்படும் நாகசுரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஆக அந்தக் காட்சியில் முகம் காட்டும் இருவரில் ஒருவருடைய ஓசையும் அவருடையதல்ல. ஆனாலும் நமக்குக் கண் கலங்குகிறது. ஊரார் முன்னிலையில் ஒருவருக்கு மட்டும் செய்தி சொல்வது பதத்தின் பழைய உத்தி. பத்மினி அதைப் படத்துக்காகப் புதிதாகக் கற்றிருக்க மாட்டார்.

கற்றதை எல்லாம் அப்படியே படத்தில் வைத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் பாலபாடம். கேமரா முகத்துக்கு அருகில் வந்ததும் கை சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. கண் மட்டும், இல்லாத கையைத் தொடர்ந்து போக வேண்டியிருக்கிறது. மேடையில் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று உயர்த்திய புருவம் அருகில் பார்க்கும்போது விகாரமாகத் தெரியும். மேலும், மேடையில் வர்ணம் என்ற நீண்ட உருப்படி அரை மணி நேரத்துக்கு மேல் அறுபடாமல் போகும். படப்பிடிப்பிலோ பாட்டைச் சிறு சிறு துண்டாக்கி ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு துண்டையும் தனியாக எடுப்பார்கள். உணர்ச்சி படிப்படியாக ஏறுவதற்கு அங்கே நேரமே கிடையாது. நல்ல நாட்டியக்காரிகள் சிலர் திரையில் விறைப்பாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மேடை, கேமரா என்ற இந்த இரண்டையும் ஒருங்கே கையாண்டவராக நான் என் மாணவிகளுக்குச் சுட்டிக்காட்டுவது ஷோபனாவை. சித்ரா விஸ்வேஸ்வரனிடமும் பத்மா சுப்ரமணியத்திடமும் பயின்றவர். திருவிதாங்கூர்ச் சகோதரிகளின் குடும்பத்துப் பெண். 1993-இல் வந்த மலையாளப் படமான ‘மணிச்சித்திரத்தாழ்’ அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது. நம் ஊரிலிருந்து நாகர்கோவில் வழியாகப் போனால் தக்கலைக்கு அருகே வருகிற பத்மநாபபுரம் அரண்மனையிலும் அதன் சில காட்சிகள் எடுக்கப்பட்டன. அதில் நாயகி ஒரு தமிழ் நாட்டியக்காரியாகத் தன்னை எண்ணிக்கொள்ளும் இடங்களில், சாதாரணப் பெண்ணின் சிறிய முகபாவத்திலிருந்து மேடை அபிநயத்தின் பெரிய அளவுக்கு அவர் மாறுவதைக் கவனித்துப் பாருங்கள். நடிப்பின் அளவை மாற்றுவதாலேயே ஆளை மாற்றிக் காட்டுகிறார்.

திருநெல்வேலிச் சீமைக்கு இந்தக் கதையில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். நடராசருடைய ஐந்து சபைகளில் நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபையும் குற்றாலத்துச் சித்திர சபையும் நம்முடையவை என்ற பெருமை நமக்கு உண்டு. அதைவிட வகுப்புக்குப் பயன்படும் சொத்து திரிகூடராசப்பக் கவிராயர் தந்த குற்றாலக் குறவஞ்சி. ருக்மிணி தேவி 1944-இல் அதை நாட்டிய நாடகமாக்கினார். அதில் குறவனான சிங்கனும் அவன் மனைவி சிங்கியும் வாதாடும் பகுதியை ஆட வைத்தால், நாணிக்கோணி நிற்கும் பிள்ளைக்கும் நடிப்பு வந்துவிடும். கேள்விக்குப் பதில், சந்தேகத்துக்குச் சமாளிப்பு என்று அவ்வளவும் பேச்சின் ஓட்டத்தில் அமைந்த பாட்டு.

என்னிடம் பிள்ளையைச் சேர்க்க வருகிற தாய்மார்களில் சிலர், “டீச்சர், இவளுக்கு சினிமாவுல சான்ஸ் கிடைக்குமா?” என்று விஜயதசமி அன்றே கேட்டுவிடுகிறார்கள். வாய்ப்பு என்பது சென்னையில், நாட்டியம் தெரியாத பலருடைய விருப்பப்படி முடிவாகிற ஒன்று. அதைப் பற்றி நான் வாக்குக் கொடுப்பதில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் பரீட்சையைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்; ஏனென்றால் பதம் ஆடும் பக்குவம் அந்த வயதுக்குப் பிறகுதான் வருகிறது. பதிவு செய்த பாட்டுக்கே ஆடிப் பழகாமல், பக்கத்தில் ஒருவர் பாட, அவர் திருப்பும் வரிக்கெல்லாம் ஈடுகொடுத்து ஆடும் பழக்கமும் வேண்டும். பாளையங்கோட்டையில் இப்போது பெரிய பிள்ளைகளுக்கு நான் வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. குறவஞ்சியில் நாயகி வசந்தவல்லி பந்தடிக்கும் பாட்டை ஒருத்தி பாட, இன்னொருத்தி ஆட, மூன்றாமவள் கைப்பேசியில் தோளுக்கு மேலே மட்டும் படம் பிடிப்பாள். பந்தும் தெரியாது, கையும் தெரியாது. பிறகு எல்லோருமாக அமர்ந்து படத்தைப் பார்த்து, பந்து எந்தப் பக்கம் போயிற்று என்று மற்ற பிள்ளைகள் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் ஆடியவள் மறுபடியும் ஆட வேண்டும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.