மழையில்லா நாளில் அணைக்கு நீர் எங்கிருந்து வருகிறது? இணைந்த மூன்று படங்கள்

[திரையில்: மேலே நீர்மட்டக் கோட்டுப் படம்; கீழே இடப்புறம் சிதறல் படம், வலப்புறம் மழைமானிகளின் நிலப்படம்.]

ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் அணையின் முழு நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. என்பது கீழ்பவானி வாய்க்காலை நம்பி நெல் நடுகிறவர்களுக்கு மனப்பாடமான கணக்கு. நீர்மட்டமும் நீர்வரத்தும் நாளிதழில் தினமும் வந்துவிடுகின்றன. ஆனால் எந்த மழையால் வரத்து கூடுகிறது என்பதைப் பல ஆண்டுப் பட்டியலில் விரல் வைத்துத் தேடினால் கண்தான் பூத்துப்போகும்.

இத்திரையில் ஒரு நாள் என்பது தரவில் ஒரு வரி. அந்த ஒரே வரிதான் கோட்டில் ஓர் இடமாகவும், சிதறல் படத்தில் ஒரு புள்ளியாகவும், நிலப்படத்தில் அன்றைய மழையின் அளவுக்கேற்ற வட்டங்களாகவும் தோன்றுகிறது. சிதறல் படத்தின் கிடை அச்சு ஈரோட்டின் மழை. நெடு அச்சு அணைக்கு வந்த நீர்.

[சுட்டி, சிதறல் படத்தின் இடது மேல் மூலையில் கட்டம் இழுக்கிறது.]

ஈரோட்டில் தூறல்கூட இல்லாமல் வரத்து மட்டும் பெருகிய நாட்களை இப்போது கட்டத்துக்குள் பிடித்திருக்கிறோம். கையை எடுக்கும் முன்பே கோட்டில் தென்மேற்குப் பருவ மாதங்கள் நிறம் மாறுகின்றன. நிலப்படத்தில் நீலகிரிப் பக்கத்து வட்டங்கள் பெரிதாகின்றன. மலையில் பெய்ததைப் பவானியும் மாயாறும் இறக்கிக் கொண்டுவருகின்றன. தூரிகையால் பூசுவது போன்ற இம்முறைக்குப் பிரஷிங் என்று பெயர். புள்ளியியலாளர்களான பெக்கரும் கிளீவ்லாந்தும் 1987இல் சிதறல் படங்களுக்கு இதை விரிவாக எழுதினார்கள்.

தேர்வாகாத புள்ளிகளை மறைத்துவிடாமல் சாம்பல் நிறத்தில் விட்டுவைப்பதே நல்லது. ஒப்பிட ஏதுமில்லாவிட்டால் பிடித்த நாட்கள் அபூர்வமானவையா, வழக்கமானவையா என்று எப்படித் தெரியும்? வேகமும் முக்கியம்: அரை விநாடித் தாமதம் சேர்ந்தாலே பயனர்கள் தரவைத் துருவுவது குறைகிறது என்று லியூ, ஹீர் இருவரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

இணைப்பின் உயிர் தேதியில் இருக்கிறது. வானிலைத் துறையின் மழையளவு காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. ஆகவே இன்றைய தேதியில் பதிவாவது பெரும்பாலும் நேற்றைய மழை. இதைக் கவனிக்காமல் இணைத்தால் மூன்று படங்களும் ஒன்றுசேர்ந்து, ஒரு நாள் பிசகாகவே ஒளிரும்.

[கட்டத்துக்குள் சில புள்ளிகள் பெரிதாக்கப்படுகின்றன.]

மலையிலும் மழையில்லாத சில நாட்கள் இங்கே எஞ்சக்கூடும். பவானி ஆற்றில் மேலே உள்ள பில்லூர் அணையில் நீர் திறந்திருக்கலாம். எனவே கட்டத்தைக் கலைக்காமல், பில்லூரின் வெளியேற்றத்தை நான்காவது படமாக இணைத்துப் பார்க்கிறோம்.