கூடுதல் தண்டனைக்குக் காரணம் எழுதப்பட வேண்டாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கை அனுப்பிய கேள்வி ஒரு கிழமையாக என் மனதை விட்டு அகலவில்லை. "ஒரே மாதிரியான இரண்டு வழக்குகளில் ஒருவருக்கு ஐந்து ஆண்டும் மற்றவருக்குப் பத்து ஆண்டும் விதிக்கப்பட்டால், அந்த மேலதிக ஐந்து ஆண்டுக்கு நீதிபதி எழுத்தில் காரணம் சொல்ல வேண்டாமா, ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

சொல்லத்தான் வேண்டும் என்பதே என் உறுதியான நிலைப்பாடு. முந்தைய உரைகளில் சொன்னதையே மீண்டும் சொல்கிறேன்: ஒருவரைக் குற்றவாளியாகக் காண்பதற்கான காரணம் வேறு, அவருக்கு இத்தனை ஆண்டு என்று தீர்மானிப்பதற்கான காரணம் வேறு. இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 283ஆம் பிரிவு, தீர்ப்பில் முடிவும் அதற்கான காரணங்களும் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, சிறைத்தண்டனையை ஒத்திவைக்கும் நீதிபதி அது ஏன் பொருத்தமானது என்பதை எழுத்தில் குறிப்பிட வேண்டும். இரக்கம் காட்டுவதற்கே காரணம் எழுதும்போது, கடுமைக்கு எழுதாமல் விடுவது எப்படித் தகும்?

இந்தியாவின் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மரண தண்டனைக்குச் சிறப்புக் காரணங்களைக் கேட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல், மேன்முறையீட்டில் வென்று மறுவிசாரணைக்கு வந்தவருக்கு முன்னையதைவிடக் கூடிய தண்டனை விதித்தால், அது பழிவாங்கல் அல்ல என்பது விளங்கும்படி காரணம் பதிவில் இருக்க வேண்டும் என்றது.

இளம் சட்டத்தரணியாக நான் இருந்த காலத்தில், தண்டனை வாசிக்கப்பட்ட பின் ஒரு தாய் என் கையைப் பிடித்து, "தம்பி, என்ட புள்ளைக்கு என்னத்துக்கு இவ்வளவு வருசம்?" என்று கேட்டார். தீர்ப்பைப் புரட்டினேன். சாட்சியங்கள் பக்கம் பக்கமாக அலசப்பட்டிருந்தன. தண்டனைக்கோ, குற்றத்தின் பாரதூரத்தைக் கருத்திற்கொண்டு என ஒரே வரி. எது பாரதூரம்? கையில் இருந்த ஆயுதமா, காயத்தின் தன்மையா, முன்னைய குற்றப்பதிவா? அது தெரியாமல் மேன்முறையீட்டில் எதை மறுத்து வாதிடுவது?

தங்கை, அந்தக் காரணம் எந்த மொழியில் கிடைக்கிறது என்பதையும் நீங்கள் கேட்டிருக்கலாம். கிழக்கில் வழக்கு தமிழில் நடந்தாலும், மேன்முறையீட்டுத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஆகவே விசாரணை நீதிமன்றம் தமிழில் எழுதும் அந்த ஒரு பந்திதான் குடும்பத்தவர் தாமாக வாசிக்கக்கூடியது. அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. வாசிக்கக் கொடுப்பதற்குத்தான் என்னிடம் எதுவும் இருக்கவில்லை.