வெல்லம் கடித்த பாய்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மாடும் ஆடும்தான். ஓய்வு பெற்ற பிறகு பார்த்தால், என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் பூனைக்காரர்கள். "சோபா போயிற்று, திரைச்சீலை போயிற்று, என்ன செய்ய?" என்று கேட்கிறார்கள். நகத்தால் பிறாண்டுவது வேறு கதை. இன்று பல்லால் கடிப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என் அக்கா வீட்டுப் பூனையில் இருந்து தொடங்கலாம். பெயர் வெல்லம். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. அதைச் சொன்னாலும் அக்கா பெயரை மாற்றவில்லை. அக்காவிடம் ஒரு பத்தமடைப் பாய் இருந்தது, மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. வெல்லம் அதன் ஓரத்தை ஒரு சாண் அகலத்துக்குக் கடித்துத் துப்பியிருந்தது.

"மாட்டு டாக்டருக்குத்தானே படித்தாய் தம்பி, இதற்கு ஒரு ஊசி கிடையாதா?" என்றாள்.

ஊசி கிடையாது. அதற்குள் அவளே பாய் ஓரத்தில் மிளகாய்த்தூளைத் தடவிவிட்டாள். தூள் பாதத்தில் ஒட்டி, பாதத்தில் இருந்து கண்ணுக்குப் போய், அந்த இரவு முழுவதும் பூனையும் தூங்கவில்லை, அக்காவும் தூங்கவில்லை. மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெயும் வேண்டாம், அந்துருண்டையும் வேண்டாம். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி. மேலே பட்டதெல்லாம் கடைசியில் வயிற்றுக்குள்தான் போகும்.

ஒரு பிற்பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். வெல்லம் பாயின் நடுப்பகுதியைத் தொடவில்லை. பக்கத்தில் விரித்திருந்த பிளாஸ்டிக் பாயை மோந்துகூடப் பார்க்கவில்லை. துணிக்கரை பிரிந்து கோரை நுனி நீட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே போனது. தலையைச் சாய்த்து, கடைவாய்ப்பல்லால் நறுக் நறுக்கென்று கடித்தது. கோரை என்பது என்ன? ஆற்றோரத்தில் வளர்கிற புல்லைப் போன்றதுதானே! அக்கா குடியிருப்பதோ மூன்றாவது மாடி. கொல்லையும் இல்லை, அறுகம்புல்லும் இல்லை. கிராமத்துப் பூனை வாசலில் இறங்கிப் புல்லை மேய்ந்துவிட்டு வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வயிறு சரியில்லாவிட்டால்தான் புல் தின்னும் என்பார்கள். அப்படியில்லை, நன்றாக இருக்கிற பூனையும் தின்னும். மாடிப் பூனைக்குக் கிடைத்த ஒரே புல், மகள் கல்யாணத்துப் பாய்.

எனவே பாயைக் கழுவி வெயிலில் காயவைத்துப் பரணில் போடச் சொன்னேன். எச்சில் வாடை இருக்கிற இடத்துக்குப் பூனை மறுபடியும் வரும். ஒரு பழைய தயிர் டப்பாவின் அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, ஊறவைத்த கோதுமையை நெருக்கமாகத் தூவினோம். முளைப்பாரி போடுகிற கதைதான், ஆனால் வெளிச்சத்தில். எட்டாம் நாள் விரல் நீளம் வந்துவிட்டது. வெல்லம் அதில் முகம் புதைத்து மேய்ந்ததைப் பார்த்த அக்கா, "இது பூனையா, கன்றுக்குட்டியா?" என்றாள். பிறகு கரையைப் புதுத்துணி வைத்துத் தைத்துப் பாயை விரித்தோம். இரண்டு முறை மோந்து பார்த்தது, போய்விட்டது. திரும்பவும் சொல்கிறேன்: வாயைக் கட்ட நினைக்காதீர்கள். அந்த வாய் எதைத் தேடுகிறது என்று பாருங்கள், அதைக் கொடுங்கள்.

இங்கே குப்பைமேனியைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அதன்மேல் புரண்டு, கன்னத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுக நிற்கும். பெயர் வைத்தவர் வெகுநேரம் பூனையைப் பார்த்திருக்க வேண்டும்! நாற்காலிக் காலைக் கடிக்கிற பூனைக்கு, அந்த வேரைத் தேய்த்த ஒரு கட்டையைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாசனைக்கு மட்டும்தான், தின்னக் கொடுக்க வேண்டாம்.

எல்லாப் பூனையும் புல்லுக்காகக் கடிப்பதில்லை. மூன்று மாதத்தில் இருந்து ஆறு மாதம் வரை குட்டிக்குப் பால்பல் இருபத்தாறும் விழுந்து முப்பது பல் முளைக்கும். ஈறு அரிக்கும், அதனால் கடிக்கும். சீக்கிரமே தாயைப் பிரித்த குட்டிகளில் சில, வளர்ந்த பிறகும் கம்பளியையும் போர்வையையும் சப்பும். சயாமியப் பூனைகளிடம் இது அதிகம். திடீரென்று மண், சுவர்ச் சுண்ணாம்பு என்று நக்கத் தொடங்கினால் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மின்கம்பியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். கம்பியைக் குழாய்க்குள் விடுங்கள், வெளியே போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

ஆனால் நூலைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். வாடிய பூச்சரத்தை மேசைமேல் போட்டுவிடுகிறோம். பூனை நூலோடு விழுங்கும். ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போகும். நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குகிறதே, அப்படிக் குடல் சுருங்கும். வாயில் தொங்கினாலும் சரி, பின்னால் தொங்கினாலும் சரி, இழுக்காதீர்கள். இழுத்தால் குடலை அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வணக்கம்.