மட்டையை மரமே விடட்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத் தென்னையைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன். தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. அரசம்பட்டிப் பக்கம் போனால் நாற்று வளர்ப்பவர்களே நமக்குப் பாடம் எடுப்பார்கள். நான் பேசப்போவது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டாக நிற்கிறதே, அந்த மரங்களுக்காக.

முதலில் ஒரு வேண்டுகோள். பச்சை மட்டையை வெட்டாதீர்கள். தேங்காய் பறிக்க ஆள் வந்தால், "ஏறியதுதான் ஏறினீர்கள், மரத்தைச் சுத்தம் செய்துவிட்டு இறங்குங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் நடுவில் நாலைந்து மட்டைகளை மட்டும் விட்டுவிட்டு இறங்குகிறார். பார்த்தாலே எனக்கு மனம் பதைக்கும். நன்றாக இருக்கும் மரத்தில் 30 முதல் 35 மட்டைகள் இருக்க வேண்டும். மாதம் ஒன்று என்ற கணக்கில் ஆண்டுக்கு 12 மட்டைகள்தான் புதிதாக வரும். ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை; அதில் பூத்துத்தான் காய்க்குலை வரும். அந்தக் குலைக்குச் சோறு போடுவதும், அதைத் தாங்கி நிற்பதும் மட்டைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பச்சையாக வெட்டிய இடத்திலிருந்து வரும் வாடை சிவப்புக் கூன்வண்டை அழைத்து வந்துவிடும். காயத்தில் முட்டையிடும், புழு உள்ளேயே தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது. குருத்து சாயும்போது காலம் கடந்திருக்கும். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து; அது போனால் மரம் போயிற்று. மின்கம்பியில் உரசுகிறது, ஓட்டின் மேல் இடிக்கிறது, வெட்டியே தீர வேண்டும் என்றால் 4 அடி காம்பு விட்டு வெட்டச் சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், 4 அடி. காய்ந்த மட்டை தானாகக் கழன்று விழும்.

துணி காயப்போடக் கொடி கட்டுவதற்கு ஆணி அடிப்பதும், ஏறுவதற்குப் படி கொத்துவதும் அப்படித்தான். வேப்ப மரத்தில் பட்ட காயத்தை மரமே மூடிக்கொள்ளும். தென்னையில் பட்ட காயம் கடைசி வரை மூடாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஏரி வற்றி, ஆழ்துளைக் கிணறுகளில் காற்றுதான் வந்தது. மறு ஆண்டு மழை வந்தது, கிருஷ்ணகிரி அணை நிரம்பியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பெரியம்மா வீட்டுத் தென்னையோ அதற்குப் பிறகுதான் குரும்பையைக் கொட்டத் தொடங்கியது. நின்ற காய்களும் சிறுத்துப்போயின. "மழை இல்லாதபோது காய்த்த மரம், தண்ணீர் வந்த பிறகு ஏன் தம்பி காய்க்கவில்லை? கண் பட்டுவிட்டதா?" என்று கேட்டார். மரம் வெட்ட ஆள் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டார்.

நான் அவர் திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். பாளை வெடிப்பதற்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே அது மட்டை இடுக்கில் கருவாகிவிடுகிறது. வெடித்த பிறகு காய் முற்றுவதற்கு இன்னும் 12 மாதங்கள். அப்படியென்றால் இன்று நாம் உடைக்கிற தேங்காய்க்குள் மூன்றரை ஆண்டுக் கதை இருக்கிறது. "வறட்சியில் அடிபட்ட பாளைகள்தான் அம்மா இப்போது வெளியே வருகின்றன, இவை வந்து தீரட்டும்" என்றேன். அவர் அரை மனதோடு சரி என்றார். முன்பணம் திரும்பி வரவில்லை, ஆனால் மரம் தப்பியது. அடுத்தடுத்து வந்த பாளைகள் தேறின. காய்க்கவில்லை என்று மரத்தை வெட்டப் போகிறவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் மழை எப்படி இருந்தது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, கோடையில் ஊற்றும் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். வேர்களில் பெரும்பாலானவை தூரைச் சுற்றி 6 அடிக்குள்தான் இருக்கின்றன. அந்த இடத்தில் சிமென்ட் தளம் போடுவது இப்போது பெருகிவிட்டது. வேண்டாம். 6 அடிக்கு வட்டப்பாத்தி எடுத்து, உரித்த தேங்காய் மட்டைகளைக் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி புதைத்து வையுங்கள். நம் செம்மண்ணில் ஈரம் நிற்க அதுதான் வழி. காய்க்கிற மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. ஆனி ஆடியில் பாதி, மார்கழி தையில் பாதி.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டுக்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, குருத்தை ஒட்டிய 3 மட்டை இடுக்குகளில் மரத்துக்கு மொத்தம் 150 கிராம் போடுங்கள். வண்டு பெருகுவது எருக்குழியில்தான், அதைக் கிளறிப் புழுக்களை எடுத்துவிடுங்கள். ஓலைக்கு அடியில் வெள்ளை ஈ, மேலே கரும்பூசணம் என்றால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சின்னஞ்சிறு குளவியும் மருந்தில் செத்துவிடும். தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். நாற்று தேர்வு செய்வதைப் பற்றிப் பேச நேரமில்லை. நன்றி, வணக்கம்.