கீரைப் பாத்தியில் சுண்ணாம்பா, தொழுவுரமா?

நேயர்களுக்கு வணக்கம்.

பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஆலைக் கழிவுநீர் பல ஆண்டுகள் நிலத்தில் பாய்ந்தது. உச்ச நீதிமன்றம் 1996-ல் இதுபற்றித் தீர்ப்பே வழங்கியது. அந்த மண்ணில் குரோமியம் தங்கிவிட்டது. நகரச் சாக்கடைத் தண்ணீர் பாயும் கீரைத் தோட்டங்களிலோ காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் சேரக்கூடும்.

இதற்கு வைத்தியம் கேட்டால், "சுண்ணாம்பு போடுங்க" என்று எல்லோருக்கும் ஒரே பதிலாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் பெரிய கவலை. காட்மியம் புளித்த மண்ணில், அதாவது அமில மண்ணில், நன்றாகக் கரையும், வேர் வழியாக இலைக்குச் சுலபமாக ஏறும். கார அமில நிலை (pH; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5.5 இருக்கும் மண்ணைச் சுண்ணாம்பு போட்டு 6.5-க்கு மேல் கொண்டுவந்தால் அது அடங்கும். சரி. ஆனால் பாலாற்றுப் பக்கம் உவர் ஏறிய மண் பல இடங்களில் ஏற்கெனவே காரம். அங்கே குரோமியத்தின் ஒரு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் (Cr-6) இருந்தால், காரம் கூடக்கூட அது மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு நகரும். நச்சு மிகுந்ததும் அதுதான். அதற்கு மட்கிய தொழுவுரம் போடுங்கள். மண்ணில் மக்குச் சத்து கூடும்போது அந்தக் குரோமியம் மூன்று இணைதிறன் குரோமியமாக (Cr-3) மாறி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

காட்மியம், ஈயத்துக்குச் சீமைக்கருவேலங்கரியும் நல்ல துணை. மூட்டம் போட்டு எடுத்த கரி வேண்டும், சாம்பல் அல்ல. மிளகு அளவுக்கு நொறுக்கி, தொழுவுரத்தோடு கலந்து இரண்டு வாரம் ஈரமாக வைத்திருந்து, அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலக்குங்கள். மண் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு என்றால் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 80 கிலோ கரி பிடிக்கும். செலவுதான், மறுக்கவில்லை. அதனால் முதலில் ஒரு பாத்தியில் சிறுகீரை விதைத்து, பறித்த இலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பன்னாட்டு உணவுத் தரவரம்பு, ஒரு கிலோ பச்சைக் கீரையில் காட்மியம் 0.2 மில்லிகிராம், ஈயம் 0.3 மில்லிகிராம்.

இவை எதுவும் உலோகத்தை வெளியேற்றாது, கட்டிப்போடும், அவ்வளவுதான். மண் மறுபடி புளித்தால் காட்மியம் அவிழ்ந்துவிடும். அளவு மிக அதிகமென்றால் அந்த நிலத்தில் கீரையே வேண்டாம், சாமந்தியோ மல்லிகையோ போடுங்கள்.

இன்னொன்று. மண்வள அட்டைக்கான வழக்கமான சோதனையில் ஈயம், காட்மியம், குரோமியம் வராது. மண் மாதிரி கொடுக்கும்போதே இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வணக்கம்.